கேட்டலுக்கு இரண்டு மதிப்பெண்

மேடம், என் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்.

ஆமாம், குறைக்கத்தான். கூட்டுவதற்கு அல்ல. கூட்டச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்களாம், வெளியே உட்கார்ந்திருக்கிற அம்மா சொன்னார்கள். "மறுகூட்டலா தாத்தா? ஃபாரம் அந்தப் பெட்டியில இருக்கு" என்றார்கள். மறுகூட்டல் இல்லை, மறுகழித்தல் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

பரவாயில்லை, நிற்கிறேன். முப்பத்து மூன்று வருடம் நின்றே பழகிவிட்டது. சரி, சொல்கிறீர்கள், உட்காருகிறேன்.

என் பெயர் சொரிமுத்து. வயது அறுபத்தேழு. எட்டாம் வகுப்புத் தேறியவன். அம்பாசமுத்திரம் பக்கம். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றேன். லஸ்கர் என்றால் ஏதோ கப்பல் வேலை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கால்வாயின் தலைமதகில் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதுவது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று வேளையும் செக்‌ஷன் ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். "நாலடி ரெண்டங்குலம்" என்பேன். அந்தப் பக்கம் "சரி" என்பார்கள். வைத்துவிடுவேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்தாறாயிரம் தடவைக்கு மேல் அந்தப் போனில் பேசியிருக்கிறேன். ஒரு தடவைகூட இருபது நொடிக்கு மேல் போனதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் பேச்சுப் பழக்கம் குறைவு. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இப்போது ஊரில் முதியோர் எழுத்தறிவு மையம் நடத்துகிறேன். தன்னார்வலர். பதினோரு பேர் படிக்கிறார்கள், பதினோரு பேரும் பீடி சுற்றுகிற பெண்கள். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை. மடியில் முறம் இருக்கும், முறத்தில் இலையும் தூளும் இருக்கும், கை சுற்றிக்கொண்டே இருக்கும், வாய் மட்டும் அ, ஆ சொல்லும். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு கவனித்தேன். கை ஓடினால்தான் அவர்களுக்கு வாய் ஓடுகிறது. முறத்தைக் கீழே வைக்கச் சொன்ன அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற வருடக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மையம் நடத்துகிறவர்கள் எல்லோரும் இணைய வழிப் பயிற்சி எடுக்க வேண்டும், தேறாதவர் மையம் நடத்த முடியாது என்று. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாடம். வாரத்துக்கு ஒரு வீடியோ, பத்துக் கேள்வி. மகள் திருப்பூரிலிருந்து ஒரு போன் வாங்கி அனுப்பினாள். அதில் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தது செல்லத்தாயி, என்னிடம் படிக்கிறவள். எழுத்து தெரியாது, ஆனால் போன் தெரியும். "அண்ணாச்சி, இந்தப் படத்தத் தொட்டா பாடம், அந்தப் படத்தத் தொட்டா பரிச்ச. எழுத்த வாசிச்சிக்கிட்டு இருந்தியன்னா பொழுது போயிரும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

நான் வாசித்தேன். பயிற்சி விதிகள் பதினான்கு பக்கம். முழுவதும் வாசித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தற்பெருமை இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரே பத்தி எண் இரண்டு முறை வருகிறது. அதை நான் எழுதித் தெரிவிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

விதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு இணை உண்டு. வேறு மாவட்டத்து ஆள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மாலை நான்கு மணிக்கு, இருபது நிமிடம் பேச வேண்டும். வகுப்பில் என்ன நடந்தது, என்ன தவறு செய்தோம் என்று. ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். போன் நம்பர் தெரியாது. செயலியில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும், அதைத் தொட்டால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். பெண்கள் நிறையப் பேர் இருக்கிற பயிற்சி, நம்பர் வெளியே போகக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

என் இணை தையல்நாயகி. வேதாரண்யம் பக்கம், உப்பளத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வயது ஐம்பத்தொன்பது. பத்தாவது வரை படித்தவர்கள். கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டில் இருக்கிறார்கள். இவ்வளவும் பாடத்துக்கு வெளியே அவர்களாகச் சொன்னது, நான் கேட்டுத் தெரிந்துகொண்டது அல்ல. படிவத்தில் நான் இணை ஒன்று, அவர்கள் இணை இரண்டு.

இதோ நோட்டு. பாருங்கள். இருபத்து நான்கு அழைப்பு, இருபத்து நான்கு பக்கம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இணை இரண்டு தாமதமாக வந்த நிமிடம், பின்னணி இரைச்சல் உண்டா இல்லையா, பாடம் பற்றிப் பேசியது எத்தனை நிமிடம், பாடத்துக்கு வெளியே எத்தனை நிமிடம். நானே கோடு போட்டது. பின்னணி இரைச்சல் எல்லாப் பக்கத்திலும் "உண்டு" என்று இருக்கும். அடைப்புக்குறிக்குள் கடல், மாடு. அவர்கள் வீட்டில் கொல்லைப்புற மாட்டுக்கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கும். நாலு மணிக்கு வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருப்பார்களாம். கொட்டகைக்கு வந்துசேரச் சில நாள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகிவிடும். மொத்தத் தாமதம் முப்பத்தொரு நிமிடம்.

முதல் அழைப்பில் நான் "வணக்கம், நான் இணை ஒன்று" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா சார், பேரு வைக்காத புள்ளையா நீங்க?" என்றார்கள்.

பெயர் சொன்னேன். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார்கள். சொன்னேன். அதிலிருந்து "லஸ்கர் சார்" என்றே கூப்பிட்டார்கள். என்னுடன் பேசுவது அணை மட்டம் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். ஐந்தாவது அழைப்பிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நான் வணக்கம் சொன்னதும், "இன்னைக்கு எனக்கு மட்டம் மூணே முக்கால் அடி, எழுதிக்குங்க" என்பார்கள். சில நாள் நாலடி. ஒரு நாள் "அஞ்சடி சார், ஷட்டர தூக்குங்க" என்று சிரித்தார்கள், அன்றைக்கு அவர்கள் மையத்தில் ஒரு அம்மா பஸ் போர்டை வாசித்துச் சரியான பஸ்ஸில் ஏறிவிட்டார்களாம். விளையாட்டுத்தான். இருந்தாலும் சொன்னதை எழுதுவது என் வழக்கம், எழுதினேன். இதோ இந்தக் கடைசிக் கட்டம் முழுக்க அந்த அளவுதான்.

பதினாறாவது அழைப்பில் ஒன்றேகால் அடி என்று இருக்கிறதா? ஆமாம். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார்கள். ஒன்றேகால் அடியில் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறாது, மேடம். நான் குறித்துக்கொண்டு முதல் கேள்விக்குப் போய்விட்டேன். வாசிப்பில் பின்தங்கியவர்களை எப்படிக் குழுவாகப் பிரித்தீர்கள் என்பது அன்றைய கேள்வி.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். நேரமாகிறது, இன்று ஐந்து மணிக்கு எங்கள் பயிற்சித் தொகுதியின் கணக்கை மூடிவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் இரண்டு பஸ் மாறி இன்றைக்கே வந்தேன்.

நான்காம் பாடத்தில் ஒரு செய்தி சொன்னார்கள். வயதானவர்களிடம் கேள்வி கேட்டால் உடனே அடுத்த பேச்சுக்குப் போகக் கூடாது. ஏழு நொடி காத்திருக்க வேண்டும். பதில் உள்ளேயிருந்து வர அவ்வளவு நேரம் ஆகும். இவ்வளவு நல்ல பாடம் எனக்கு வேறு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்றிலிருந்து வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஏழு. "அண்ணாச்சி, நீங்க ஏழு எண்ணுததுக்குள்ள நான் அர பீடி சுத்திருவேன்" என்று செல்லத்தாயி கேலி பேசுவாள். பேசட்டும். அந்த ஏழு நொடியில்தான் பேச்சியம்மா, ஐந்து மாதம் வாயே திறக்காதவள், பலகையில் இருந்த 'ம'வைப் பார்த்து, "அது மானா, அண்ணாச்சி" என்று சொன்னாள்.

இணை இரண்டிடமும் அப்படித்தான். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஏழு நொடி. ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபது நிமிடம் முடிகிறபோது, "வேறு ஏதேனும் உண்டா?" என்று கேட்பேன், விதியில் இருக்கிறது. ஏழு எண்ணுவேன். "நன்றி, வணக்கம்" சொல்லி வைத்துவிடுவேன்.

ஒரு நாள் அவர்கள் சொன்னார்கள், "லஸ்கர் சார், நான் எட்டாவதுல பேசுற ஆளு" என்று.

விதியில் ஏழு என்றுதான் இருக்கிறது என்றேன்.

"சரி, விதி பெரிசு" என்றார்கள்.

பயிற்சி முடிந்ததும் இணைகள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் நான்கு. நேரம் தவறாமை, பதிவு, தயாரிப்பு, மொழி, கேட்டல். எந்தத் தலைப்பிலும் மூன்றுக்குக் குறைந்தால் தேர்ச்சி நிறுத்திவைக்கப்படும். அதே இணையோடு இன்னும் எட்டு அழைப்பு பேசி முடித்தால்தான் சான்றிதழ். பாடம் பன்னிரண்டு, பத்தி மூன்று.

அவர்களுக்கு நான் போட்டது மூன்று, நான்கு, மூன்று, நான்கு, நான்கு. நேரத்துக்கு மூன்று போட்டபோது மனசு கேட்கவில்லை. ஆனால் முப்பத்தொரு நிமிடம், மேடம். நான்கு போட முடியாது.

அவர்கள் எனக்குப் போட்டது நான்கு, நான்கு, நான்கு, நான்கு. கேட்டலுக்கு இரண்டு.

இரண்டு!

அந்தத் திரையை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. முதல் தடவையாக எண்ணாமல் விட்டேன். முப்பத்து மூன்று வருடம் என் பதிவேட்டில் சிவப்பு மை பட்டதில்லை. எந்த அதிகாரியும் ஒரு எண்ணைச் சுழித்ததில்லை. நான் பேசியது எவ்வளவு, அவர்கள் பேசியது எவ்வளவு என்று அன்றே கூட்டிப் பார்த்தேன். மொத்தம் எட்டு மணி நேரம். நான் பேசியது மூன்று மணி ஐந்து நிமிடம். மிச்சம் நான்கு மணி ஐம்பத்தைந்து நிமிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பேசியதைவிடக் கேட்டது அதிகம். இவனுக்கு இரண்டா?

மனு எழுதினேன். நோட்டின் நகலும் சேர்த்து, உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நல்ல மனிதர். ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "இவ்வளவு கணக்கு வச்சிருக்கிற ஆளுக்கு ரெண்டு போட்டா நியாயமே இல்லைய்யா. அந்தம்மாகிட்டப் பேசிட்டேன். மூணு போட்டாச்சு, நீங்க பாஸ்" என்றார்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"'சரி, மூணு போட்டுக்குங்க. அவருக்கு அதுதான் வேணும்னா'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்றார்.

அன்று புதன்கிழமை. சாயங்காலமே சான்றிதழ் போனில் வந்துவிட்டது. செல்லத்தாயி அதைப் பெரிதாக்கிக் காட்டினாள், பெயரில் பிழை இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழக்கத்தில் செயலியைத் திறந்தேன். பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் "இணைப்பு நிறைவுற்றது" என்று ஒரு வரி வருகிறது. செவ்வாய்க்கிழமையும் தொட்டுப் பார்த்தேன். பழக்கம்தான். இதுவரை ஒன்பது நாலு மணி போயிருக்கிறது. இன்றைக்குப் பத்தாவது.

இல்லை மேடம், நம்பர் இல்லை என்றேனே. கேட்கவும் இல்லை. ஒரு பெண்பிள்ளையிடம் நம்பர் கேட்பது மரியாதையா? அவர்களாகக் கேட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இருபத்திரண்டாவது அழைப்பு. இதோ, எழுதியிருக்கிறேன். "என் நம்பர் எழுதிக்கிறீங்களா லஸ்கர் சார்?" எழுதக் கூடாது, பாடம் பத்து, பத்தி ஐந்து என்று சொல்லிவிட்டேன். சரியான பதில்தானே அது? பரீட்சையில்கூட அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண்.

அடுத்த அழைப்பில் இன்னொன்று கேட்டார்கள். "மூணுக்குக் கீழ போட்டா இன்னும் எட்டுத் தடவ பேசணுமாம்ல?" என்று. பாவம், பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கவலைப்படாதீர்கள், உங்களுக்கு எந்தத் தலைப்பிலும் மூன்றுக்குக் குறைத்துப் போட மாட்டேன், எட்டு அழைப்புத் தொந்தரவு உங்களுக்கு வராது என்று உறுதி சொன்னேன்.

சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தார்கள். அதையும் எழுதியிருக்கிறேன், "சிரிப்பு, காரணம் தெரியவில்லை".

ஏன் மேடம், அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டீர்களே.

போன மாதம் இந்த நோட்டை நல்ல நோட்டில் படியெடுத்தேன். மதகில் அப்படித்தான், வருட முடிவில் கரட்டுப் பதிவேட்டை நல்ல பதிவேட்டில் படியெடுக்க வேண்டும். வீட்டில் நான் ஒருவன், சாயங்காலம் வேறு வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அப்படிப் படியெடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், "வேறு ஏதேனும் உண்டா?" என்ற வரிக்கு எதிரே, நானே ஒன்று எழுதியிருக்கிறேன். பொடி எழுத்தில். வாசியுங்கள்.

"ஏதோ சொல்ல வந்தது போல் ஒலி. நேரம் முடிந்தது."

அடுத்த பக்கம். "மூச்சு இழுக்கும் ஒலி. நேரம் முடிந்தது." அதற்கடுத்த பக்கம். "'சார்' என்ற ஒலி. நேரம் முடிந்தது."

இருபத்து நான்கில் பதினேழு. பதினேழு தடவை, மேடம். ஏழு எண்ணி முடித்து, எட்டாவதில் சத்தம் வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனை வைத்திருக்கிறேன். வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதியும் இருக்கிறேன். கேட்காமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிவில் வந்திருக்காது.

கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இருபத்து நான்காவது. "இனிமே செவ்வா, வெள்ளி நாலு மணிக்கு என்னா செய்வீங்க?" என்று கேட்டார்கள். மதகு வரைக்கும் நடந்துவிட்டு வருவேன் என்றேன். "அங்க யாரு இருக்கா?" என்றார்கள். இப்போது யாரும் இல்லை, ஷட்டருக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள், மட்டம் தானாகவே ஆபீசுக்குப் போய்விடுகிறது என்றேன். அதற்குள் பத்தொன்பது நிமிடம். வேறு ஏதேனும் உண்டா என்றேன். ஏழு எண்ணினேன். நன்றி, வணக்கம். வைத்துவிட்டேன். பாருங்கள், அன்றைக்கு மட்டம் எழுதுகிற கட்டம் காலியாக இருக்கிறது. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் அவர்கள் போட்ட இரண்டுதான் சரி. மூன்று தவறு. தவறான அளவு பதிவேட்டில் இருக்கக் கூடாது. மதகில் ஒரு விதி உண்டு, தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறேன். வேறு நோக்கம் இல்லை.

எட்டு அழைப்பா? அது விதிப்படி வருவது. அதற்காக வரவில்லை. விதி என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள் மேடம்.

சான்றிதழை நிறுத்திவைப்பீர்கள், தெரியும். எட்டு அழைப்பு முடிகிற வரைக்கும் மையம் மூடியிருக்கும், அதுவும் தெரியும். பதினோரு பேரிடமும் சொல்லிவிட்டேன். "எட்டு போன்தான அண்ணாச்சி, நாலு வாரம். நாங்க சுத்திக்கிட்டு இருக்கோம், நீங்க பேசிட்டு வாங்க" என்றாள் செல்லத்தாயி. பேச்சியம்மா மட்டும், "அந்தம்மா உங்க மேல கோவமா இருந்தா?" என்று கேட்டாள். அதை ஏழு நொடிக்கு மேலேயே யோசித்துப் பார்த்தேன்.

செய்கிறீர்களா? ரொம்ப நன்றி மேடம்.

என்ன, காரணம் கேட்கிறதா? "பதிவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால்" என்று போடுங்கள்.

அது பட்டியலில் இல்லையா? இரண்டுதான் இருக்கிறதா? படியுங்கள்.

"மதிப்பீடு செய்தவரின் பிழை."

இல்லை, அது வேண்டாம். அவர்கள் மேல் பிழை எதுவும் இல்லை. அதைப் போட்டால் திரும்பவும் ஒரு மனு எழுதுவேன். இரண்டாவது என்ன?

"பயிற்சி பெறுபவர் தம் குறையை ஏற்கிறார்." சரி. அதற்குக் கீழே கட்டமா? என் வார்த்தையில் சொல்ல வேண்டுமா?

எழுதிக்கொள்ளுங்கள். இணை இரண்டு பேசியதை இணை ஒன்று...

இல்லை. அடித்துவிடுங்கள். கோடு போட முடியாதா அதில்? சரி, அழித்துவிடுங்கள்.

எழுதுங்கள். தையல்நாயகி சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை. பதினேழு முறை. சொரிமுத்து.

அவ்வளவுதான். எங்கே தொட வேண்டும்? இங்கேயா? தொட்டுவிட்டேன். ஒரு வட்டம் பச்சையாகிவிட்டது. பக்கத்தில் சாம்பலாக இருப்பது அவர்களுடையதா? அவர்கள் போனுக்குப் போயிருக்குமா இது, நான் சொன்னது அப்படியே? அப்படியேவா?

அவர்களும் சம்மதம் கொடுத்தால்தானா. இன்றைக்கே, ஐந்து மணிக்குள். சரி.

இப்போது மணி நான்கு மூன்று. செவ்வாய்க்கிழமை. டிவி ஓடிக்கொண்டிருக்கும். போன் உள்ளே இருந்தால் சிக்னல் இருக்காது, கொட்டகைக்கு வந்தால்தான் தெரியும். நாலு மணிக்கு இப்போது அவர்கள் ஏன் கொட்டகைக்கு வரப்போகிறார்கள் என்பதுதான்...

நீங்கள் சொல்வது புரிகிறது மேடம். பதில் வந்தால் எனக்கு மெசேஜ் வந்துவிடும், நான் நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்கலாம். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான், ஆமாம். இருந்தாலும் திரையை மூட வேண்டாம். நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், உங்கள் வேலைக்கு இடைஞ்சல் பண்ண மாட்டேன்.

அவர்கள் எட்டாவதில் பேசுகிற ஆள்.

இல்லை, எண்ணவில்லை. இதோ பாருங்கள், கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், மேடம்.